9 தோல்வி, 1 வெற்றி: பெப் குவார்டியோலாவை மென்செஸ்டர் சிட்டி இன்னும் நம்பலாமா?

2024 டிசம்பர் 26 இரவு சிங்கப்பூர்க் காற்பந்து ரசிகர்களுக்கு நல்ல இரவாக அமையவில்லை.

ஜாலான் புசார் விளையாட்டரங்கில் ஆசியான் வெற்றியாளர் கிண்ண அரையிறுதியின் முதல் ஆட்டம். 90 நிமிடம் வரை வியட்நாமுக்கு ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்காத நம் சிங்கங்கள், அதற்குப் பிறகு வந்த கூடுதல் நேரத்தில் 2 கோல் வாங்கித் தோற்றனர்.

அதே இரவு மென்செஸ்டரில் இன்னொரு சோகம். எவர்ட்டனுக்கு எதிராக எர்லிங் ஹாலண்ட் அடித்த பெனால்ட்டியை ஜோர்டன் பிக்ஃபர்ட் தடுத்துவிட்டார். ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது.

நீங்கள் சிட்டி ரசிகர் என்றால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். "பெப் போதும்பா, ஆளை மாத்துங்க" என்று ஒருவர். "ஆறு லீக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவரையா? உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி கடினமானது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போமா?

முதலில், என்னதான் நடந்தது?

அக்டோபர் கடைசி வாரம் வரை சிட்டிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. லீக்கில் 9 ஆட்டம். 7 வெற்றி, 2 சமநிலை, 23 புள்ளி. அதற்கு முந்தைய பருவத்தையும் சேர்த்து லீக்கில் தொடர்ந்து 32 ஆட்டங்களில் தோல்வியே இல்லை.

அக்டோபர் 30 அன்று லீக் கிண்ணத்தில் டோட்டன்ஹமிடம் தோற்றார்கள். "சின்னக் கிண்ணம்தானே" என்று பலரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்:

• போர்ன்மத், ஸ்போர்ட்டிங், பிரைட்டன், மீண்டும் டோட்டன்ஹம் என வரிசையாகத் தோல்வி. மொத்தம் 5 தொடர் தோல்விகள். சிட்டிக்கு 2006க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை. பெப்பின் பயிற்றுவிப்பாளர் வாழ்க்கையிலேயே இதுதான் முதல்முறை.

• டோட்டன்ஹமிடம் சொந்தத் திடலில் 0-4. சொந்தத் திடலில் 52 ஆட்டங்களாகத் தோற்காத சாதனை அந்த இரவோடு முடிந்தது. சிங்கப்பூரில் பின்னிரவு 1.30க்கு எழுந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

• ஃபெயனோர்டுக்கு எதிராக 3-0 என்று முன்னிலை. கடைசி 15 நிமிடத்தில் 3 கோல் விட்டு 3-3.

• மென்செஸ்டர் யுனைட்டெடுக்கு எதிராக 88ஆவது நிமிடம் வரை 1-0 என்று முன்னிலை. முடிவில் 1-2.

மொத்தக் கணக்கு: 13 ஆட்டங்களில் 9 தோல்வி, 3 சமநிலை, ஒரே ஒரு வெற்றி. லீக்கை மட்டும் எடுத்தால் முதல் 9 ஆட்டங்களில் 23 புள்ளி. அடுத்த 9 ஆட்டங்களில் வெறும் 5 புள்ளி.

இதற்கு நடுவில்தான், நவம்பர் 21 அன்று, பெப் 2027 வரை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். தொடர் தோல்விகளுக்கு நடுவில் குழுவை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணம் என்றார் அவர்.

ஆக, நிர்வாகம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. ஆனால் அது சரியான பதிலா?

ஏன் இந்தச் சரிவு?

பெரும்பாலானோர் சொல்லும் ஒரே சொல்: ரோட்ரி.

செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒரு மாதம் கழித்து உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து விருதை ஊன்றுகோலோடு போய் வாங்கினார். அவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 2023இலிருந்து 2024 மே மாதம் வரை, சிட்டிக்காக அவர் ஆடிய 74 ஆட்டங்களில் தொடர்ந்து தோல்வியே இல்லை.

பெப்பின் ஆட்டமுறையில் தற்காப்பு ஆட்டக்காரர்கள் திடலின் நடுக்கோடுவரை ஏறி நிற்பார்கள். பந்து பறிபோனால் எதிரணி பின்னால் ஓடிவிடாமல் தடுக்க நடுவில் ஒருவர் வேண்டும். ரோட்ரி செய்தது அதைத்தான். அவர் இல்லாதபோது கதவு திறந்தே கிடந்தது.

ஆனால் "ரோட்ரி இல்லை, அதனால் தோல்வி" என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. ஏனென்றால் அவர் காயமடைந்த பிறகும் ஒரு மாதத்துக்குமேல் சிட்டி தோற்கவில்லை. வேறு காரணங்களும் இருக்கின்றன.

வயது: 2024 டிசம்பரில் கைல் வாக்கருக்கு 34. கெவின் டி பிரய்னாவுக்கு 33. பார்சலோனாவிலிருந்து திரும்பி வந்த இல்காய் குண்டோவனுக்கு 34. பெர்னார்டோ சில்வா, மட்டேயோ கொவாசிச் இருவரும் 30ஐத் தொட்டுவிட்டார்கள். எதிரணி வேகமாகத் திரும்பித் தாக்கும்போது இவர்களால் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

ஆள் பற்றாக்குறை: 2023இல் கோல் பால்மரை செல்சிக்கு விற்றார்கள். 2024இல் ஹூலியன் அல்வாரெஸை அட்லெட்டிக்கோ மட்ரிட்டுக்கு விற்றார்கள். அல்வாரெஸுக்கு மாற்றாக ஒரு தாக்குதல் ஆட்டக்காரரை வாங்கவில்லை. ரூபென் டியாஸ், ஜான் ஸ்டோன்ஸ், நேதன் ஆக்கே என்று தற்காப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் காயமடைந்தபோது பெஞ்சில் ஆள் இல்லை.

கோல் வறட்சி: ஹாலண்ட் முதல் 5 லீக் ஆட்டங்களில் 10 கோல் போட்டார். அடுத்த 13 ஆட்டங்களில் 3தான். அவர் கோல் போடாத நாளில் போடுவதற்கு வேறு ஆள் இருக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் காயங்கள் பெப்பின் தவறு அல்ல. ஆனால் சிறிய குழுவை வைத்துக்கொள்ள விரும்புவது அவருடைய பழக்கம்தான். குண்டோவனைத் திரும்ப அழைத்ததிலும், வயதான ஆட்டக்காரர்களைத் தக்கவைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பெப் இந்தச் சரிவால் பாதிக்கப்பட்டவர் மட்டுமல்லர், அதற்கு ஓரளவு காரணமானவரும்கூட.

"மாத்தணும்" என்பவர்கள் சொல்வது என்ன?

அவர்களின் வாதத்தை முழுதாகக் கேட்போம்.

ஒன்று, நீண்டகாலப் பயிற்றுவிப்பாளர் ஒருவரால் தன் பழைய ஆட்டக்காரர்களைக் கைவிட முடியாது. கிண்ணம் வாங்கிக் கொடுத்தவனை எப்படி வெளியே உட்கார வைப்பது? நன்றி என்பது நல்ல குணம்தான். ஆனால் அணித் தேர்வில் அது ஆபத்து.

இரண்டு, ஒரே குரலை எத்தனை ஆண்டு கேட்பது? பார்சலோனாவில் 4 பருவம் இருந்துவிட்டு, களைத்துப்போனதாகச் சொல்லி 2012இல் விலகியவர் இதே பெப். பயர்ன் மியூனிக்கில் 3 பருவம்தான். சிட்டியில் 2024-25 அவருடைய 9ஆவது பருவம். இவ்வளவு நீண்ட காலம் ஒரே இடத்தில் அவர் இருந்ததே இல்லை.

மூன்று, எதிரணிகள் அவருடைய ஆட்டத்தைப் படித்துவிட்டன. முன்பு சிட்டியைப் பார்த்தாலே பெட்டிக்குள் பதுங்கிய குழுக்கள், இப்போது துணிந்து ஓடிவருகின்றன.

மூன்றும் காரணமுள்ள வாதங்கள். "அவர் எவ்வளவோ ஜெயிச்சிருக்காரே" என்பது இவற்றுக்குப் பதில் ஆகாது. 2024 வரை வென்ற 18 கிண்ணம் நேற்றைய கணக்கு. நாளைய ஆட்டத்துக்கு அது ஒரு புள்ளிகூடத் தராது.

"இருக்கட்டும்" என்பவர்கள் சொல்வது என்ன?

இவர்களிடம் உள்ள வலுவான வாதம் கிண்ணங்களைப் பற்றியது அல்ல. கணக்கைப் பற்றியது.

இப்படி யோசித்துப் பாருங்கள். வழக்கமாகத் தேர்வில் 70 மதிப்பெண் வாங்கும் ஒருவர், ஒருமுறை 45 வாங்குகிறார். உடனே துணைப்பாட ஆசிரியரை மாற்றுகிறார்கள். அடுத்த தேர்வில் 68. "பார்த்தீங்களா, புது ஆசிரியர் வந்ததும் மாறிட்டான்!" என்று வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் பழைய ஆசிரியரே இருந்திருந்தாலும் 68 வந்திருக்கலாம். 45 என்பது காய்ச்சல், கஷ்டமான கேள்வி, கெட்ட நாள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. எல்லாம் மறுபடியும் ஒன்றாகச் சேர்வது அரிது.

காற்பந்திலும் இதுதான். குழுக்கள் பயிற்றுவிப்பாளரை நீக்குவது எப்போது? மிக மோசமான கட்டத்தில். அதற்குப் பிறகு பெரும்பாலும் மேலே ஏறத்தான் செய்யும். அந்தப் பெருமை புதியவருக்குப் போகிறது.

பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வீல் இதை நெதர்லாந்து லீக்கில் ஆராய்ந்தார். 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை எடுத்துக்கொண்டார். சரிவில் இருந்தபோது பயிற்றுவிப்பாளரை நீக்கிய குழுக்களையும், அதேபோன்ற சரிவில் இருந்தும் நீக்காத குழுக்களையும் ஒப்பிட்டார். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன. ஆளை மாற்றியதால் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை.

இதற்கு அர்த்தம், எப்போதுமே மாற்றக்கூடாது என்பதல்ல. தோல்விகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான். எண்ணிக்கை பயமுறுத்தும். ஆனால் காரணத்தைச் சொல்லாது.

வரலாறு யார் பக்கம்?

இரண்டு பக்கமும் இருக்கிறது. நான்கு கதைகளைப் பார்ப்போம்.

அலெக்ஸ் ஃபெர்கசன்: 1986இல் மென்செஸ்டர் யுனைட்டெடுக்கு வந்தார். முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு கிண்ணமும் இல்லை. 1989 செப்டம்பரில் சிட்டியிடமே 1-5 என்று தோற்றார். அவரைப் போகச் சொல்லி ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள். அந்தப் பருவத்தில் யுனைட்டெட் லீக்கில் 13ஆவது இடம். ஆனால் நிர்வாகம் பொறுத்துக்கொண்டது. 1990இல் எஃப்.ஏ. கிண்ணம் வந்தது. பிறகு 13 லீக் பட்டங்கள். பொறுமைக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

ஆர்சன் வெங்கர்: 22 ஆண்டு ஆர்சனலில் இருந்தார். 2003-04 பருவத்தில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு லீக் பட்டமே இல்லை. 2017 மார்ச்சில் வெஸ்ட் பிரோம் திடலுக்கு மேல் இரண்டு விமானங்கள் பறந்தன. ஒன்றில் அவருக்கு ஒப்பந்தம் தராதீர்கள் என்ற வாசகம், இன்னொன்றில் அவரை நம்புகிறோம் என்ற வாசகம்! நிர்வாகம் மேலும் 2 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஓர் ஆண்டிலேயே, 6ஆவது இடத்தில் முடித்துவிட்டு அவர் விலகினார். பொறுமை எல்லை மீறினால் என்னவாகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

யர்கன் கிளோப், டோர்ட்மண்ட்: 2014-15 பருவத்தின் நடுவில், இரண்டு முறை ஜெர்மன் பட்டம் வென்ற அவருடைய குழு பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. நிர்வாகம் நடுவில் நீக்கவில்லை. குழு 7ஆவது இடம்வரை ஏறியது. ஆனால் ஏப்ரலிலேயே கிளோப், பருவ முடிவில் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். அடுத்த பருவத்தில் டோர்ட்மண்ட் 2ஆம் இடம். கிளோப் லிவர்பூலுக்குப் போய்ச் சாதித்தார். இருவருக்கும் நல்ல பிரிவு.

அதே கிளோப், லிவர்பூல்: 2022-23இல் 5ஆவது இடம். மத்தியத் திடல் ஆட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது, கால்கள் ஓடவில்லை. 2024 சிட்டி மாதிரியே இல்லையா? லிவர்பூல் அவரை வைத்துக்கொண்டது. ஆனால் மத்தியத் திடலையே மாற்றியது. மெக்கலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, கிராஃபன்பர்க் என்று ஒரே கோடையில் நான்கு பேர். அடுத்த பருவத்தில் 3ஆம் இடமும் லீக் கிண்ணமும் கிடைத்தன. கிளோப் சொல்லிவிட்டுக் கிளம்பிய பிறகு, அந்தக் குழுவை வைத்துத்தான் ஆர்னே ஸ்லாட் 2024 டிசம்பரில் பட்டியலின் முதலிடத்தில் இருந்தார்.

இந்த நான்கில் எது சிட்டிக்கு மிக நெருக்கம்? பலரும் ஃபெர்கசனைச் சொல்வார்கள். ஆனால் ஃபெர்கசன் அப்போது குழுவைக் கட்டிக்கொண்டிருந்தவர். பெப், கட்டி முடித்ததைப் பழுதுபார்க்க வேண்டியவர். அவருக்குப் பொருந்தும் கேள்வி: இவர் வெங்கரா, லிவர்பூல் கிளோப்பா?

நம்மூரிலும் இப்படி ஒன்று நடந்ததே!

2024இல் பதின்ம வயதில் இருப்பவர்களுக்கு இது ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: "ரேடி"ன்னா யாரு?

ராடோய்கோ அவ்ராமோவிச். செர்பியாவைச் சேர்ந்தவர். 2003இல் சிங்கப்பூர்த் தேசியக் குழுவின் பயிற்றுவிப்பாளரானார். 2004, 2007 இரண்டு முறையும் வட்டாரக் கிண்ணம் நமக்கு.

அப்புறம் சரிவு. 2008இல் அரையிறுதியில் வியட்நாமிடம் தோல்வி. 2010இல் குழுச் சுற்றிலேயே வெளியேறினோம். உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றின் மூன்றாம் கட்டத்தில் ஆடிய 6 ஆட்டங்களிலும் தோல்வி. அதில் கடைசி, 2012 பிப்ரவரி 29 அன்று ஈராக்கிடம் 1-7.

ஒன்பது ஆண்டு ஒரே பயிற்றுவிப்பாளர், ஏழு கோல் வாங்கிய குழு. "போதும்" என்று சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்?

சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் அவரை அப்போது நீக்கவில்லை. பத்தே மாதத்தில், டிசம்பர் 2012இல், இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் தாய்லந்தை ஜாலான் புசாரில் 3-1 என்று வென்றோம். பேங்காக்கில் 0-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 3-2. கிண்ணம் மூன்றாவது முறை அவர் காலத்தில் வந்தது. அதோடு அவர் விடைபெற்றார்.

"பார்த்தீங்களா, பொறுமைதான் ஜெயிக்கும்!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவசரப்படாதீர்கள். அந்த ஆண்டு வேறொன்றும் மாறியிருந்தது. 2012இல் லயன்ஸ் டுவெல்வ் என்ற சிங்கப்பூர்க் குழு மலேசிய லீக்கில் ஆடத் தொடங்கியது. அதன் பயிற்றுவிப்பாளர் நம் வி. சுந்தரமூர்த்தி. தேசிய ஆட்டக்காரர்கள் பலர் அந்த ஆண்டு முழுவதும் நிரம்பி வழியும் அரங்குகளில், கடுமையான ஆட்டங்களில் ஒன்றாக ஆடினார்கள். முதல் பருவத்திலேயே லீக்கில் 2ஆம் இடம் பிடித்தார்கள்.

அதாவது, பயிற்றுவிப்பாளர் அதே ஆள்தான். அவருக்குக் கீழே ஆடியவர்களின் நிலைமை மாறியது. 2023 கோடையில் லிவர்பூலில் நடந்ததும் அதுதான்.

அதற்குப் பின்? பெர்ண்ட் ஸ்டாங்கே, சுந்தரமூர்த்தி, இடைக்காலமாக ஃபாண்டி அகமது, தட்சுமா யோஷிடா, டக்காயுக்கி நிஷிகாயா, 2024இல் சுட்டோமு ஒகுரா. 12 ஆண்டில் 6 பேர். 2014, 2016, 2018 என்று வரிசையாக மூன்று முறை குழுச் சுற்றிலேயே வெளியேற்றம். 2012க்குப் பிறகு கிண்ணம் வரவில்லை. இத்தனை பேரும் திறமையில்லாதவர்கள் என்று நினைக்கிறீர்களா? ஆளை மாற்றிக்கொண்டே இருந்தோம். அடித்தளத்தில் இருந்த பிரச்சினை எல்லோருக்கும் அப்படியே கைமாறியது.

சரி, எப்படி முடிவெடுப்பது?

உங்கள் குழு சிட்டியாக இருந்தாலும் சரி, வேறெதுவாக இருந்தாலும் சரி, இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. புதியவர் வந்தால் எந்தப் பிரச்சினை தீரும்?

நாளைக்கே வேறொருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரோட்ரியின் முழங்கால் ஆறிவிடுமா? வாக்கருக்கு வயது குறையுமா? சிட்டியின் பெரிய ஓட்டைகளை ஆள் மாற்றத்தால் அடைக்க முடியாது. ஜனவரியில் ஆட்டக்காரர்களை வாங்கினால்தான் அடைக்க முடியும்.

2. ஆட்டக்காரர்கள் இன்னும் அவர் சொல்வதைக் கேட்கிறார்களா?

இதுதான் மிக முக்கியம். பயிற்றுவிப்பாளரைக் கைவிட்ட குழு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓடமாட்டார்கள், கையை விரிப்பார்கள், ஒருவரை ஒருவர் குறைசொல்வார்கள். சிட்டியின் தோல்விகளைப் பாருங்கள். பல ஆட்டங்களில் முன்னிலையில் இருந்து, கடைசி நிமிடங்களில் சறுக்கியிருக்கிறார்கள். சொன்னதைச் செய்தார்கள், 90 நிமிடமும் செய்ய உடலிலும் மனத்திலும் தெம்பிருக்கவில்லை. அது பணிய மறுப்பது அல்ல. ஆனால் அது அப்படியே நீடித்தால் பணிய மறுப்பதாகவும் மாறலாம்.

3. அடுத்து யார், எதற்காக?

நீக்குவது பாதி முடிவுதான். சிட்டியில் விளையாட்டு இயக்குநர் ட்ஷிக்கி பெகிரிஸ்டைன் 2024-25 பருவத்தோடு போவதாக இருந்தது. ஹூகோ வியானா அவர் இடத்துக்கு வருவதாக இருந்தது. இன்னொரு பக்கம் பிரிமியர் லீக் சுமத்திய 115 குற்றச்சாட்டுகளின் விசாரணை 2024 டிசம்பரில்தான் முடிந்தது. அப்போது தீர்ப்பு வந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சிட்டி மறுக்கிறது. இயக்குநரும் மாறி, தீர்ப்பும் தெரியாமல், பயிற்றுவிப்பாளரும் போனால் குழுவை யார் பிடித்து நிறுத்துவது?

அக்கம்பக்கத்து யுனைட்டெடையும் பார்க்கலாம். 2024 கோடையில் எரிக் டென் ஹாக்கை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்து, ஒப்பந்தத்தை நீட்டி, அவர் முன்பு பயிற்சி தந்த டி லிக்ட், மஸ்ராவி போன்றோரையும் வாங்கினார்கள். அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ரூபன் அமோரிம் வேறொருவருக்காக வாங்கிய ஆட்டக்காரர்களோடு வேறொரு ஆட்டமுறையை ஆட முயன்றார். அரைமனதாக வைத்துக்கொள்வது, நீக்குவதைவிட மோசம்.

ஆக, எங்கள் பதில்?

2024 டிசம்பர் நிலையில், பெப் இருக்கட்டும் என்பதுதான். ஆனால் அது நன்றிக்காக இல்லை. அவரை நீக்கினால் தீரும் பிரச்சினையைவிட, கூடும் பிரச்சினை அதிகம் என்பதற்காக.

அதே நேரம், "பெப்பை நம்புங்க" என்று கண்ணை மூடிக்கொள்வதும் தப்பு. வெங்கரை வைத்துக்கொண்டபோது ஆர்சனல் செய்த பிழை, அவரை நம்பியது அல்ல. எது நடந்தால் முடிவை மாற்றுவோம் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் விட்டதுதான். ஆண்டுக்கு ஆண்டு "அடுத்த முறை பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள்.

எனவே அடுத்த சில மாதங்களில் கவனிக்க வேண்டியிருந்தவை இவை:

• 2025 ஜனவரி: சிட்டி யாரை வாங்குகிறது? தற்காப்பிலும் மத்தியத் திடலிலும் இளம் கால்கள் வந்தால், பெப் பழையதை விடத் தயாராகிவிட்டார் என்று பொருள். வராவிட்டால் கவலைப்படலாம்.

• அணித் தேர்வு: பெயருக்காக யாரையாவது ஆடவிடுகிறாரா? வாக்கரையும் டி பிரய்னாவையும் உட்கார வைக்கும் துணிச்சல் இருந்ததா?

• ஐரோப்பா: 2024 டிசம்பர் முடிவில் வெற்றியாளர் லீக்கில் 6 ஆட்டங்களில் 8 புள்ளிதான். 2025 ஜனவரியில் பாரிஸ் செயிண்ட் ஜெர்மன், கிளப் பிரூஜ் ஆகியவற்றோடு இன்னும் 2 ஆட்டம் இருந்தது. முதல் 24 இடங்களுக்குள் வராவிட்டால் வெளியே.

• ஆட்டத்தின் கடைசி 15 நிமிடம்: புள்ளிப் பட்டியலைவிட இதைப் பாருங்கள். முன்னிலையைக் காப்பாற்ற முடிகிறதா? துரத்தி ஓடுகிறார்களா?

ஆட்டக்காரர்கள் மாறிய பிறகும், காயமடைந்தவர்கள் திரும்பிய பிறகும், இதே சரிவு அடுத்த பருவத்திலும் தொடர்ந்தால் விடை மாறும். அப்போது குறை கூரையில் இல்லை, கட்டியவரின் வரைபடத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2027 வரை ஒப்பந்தம் இருக்கிறதே என்பது அன்றைக்குச் சாக்காகக் கூடாது.

டிசம்பர் முதல் தேதி லிவர்பூல் அரங்கில், "நாளைக் காலையில் உனக்கு வேலை போய்விடும்" என்ற பொருளில் ரசிகர்கள் பாடிக் கிண்டல் செய்தபோது, பெப் சிரித்துக்கொண்டே ஆறு விரலைக் காட்டினார். ஆறு லீக் பட்டம். சரியான பதிலடிதான். ஆனால் அவருடைய வேலையைக் காப்பாற்றப்போவது அந்த ஆறு விரல் அல்ல. பழைய குழுவைத் தன் கையாலேயே பிரித்து, புதியதைக் கட்ட முடியுமா என்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிட்டி லெஸ்டருக்குப் போனது. அதே நாளில் நம் சிங்கங்கள் வியட்நாமில் இரண்டாவது அரையிறுதியில் ஆடினார்கள். அப்போது ஒகுரா பொறுப்பேற்று ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஓர் ஆட்டத்தின் முடிவு எப்படி வந்தாலும், "மாத்துங்க" என்று தட்டச்சு செய்வதற்கு முன்னால் முதல் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: புதியவர் வந்தால் எந்தப் பிரச்சினை தீரும்?

பதில் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள்.